பதினாலு செகண்டு

புஷ்பவல்லிக்கு முன்னால் புறப்பட வேண்டியவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நாகையா தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

"புஷ்பா, தங்கச்சி தனம் கூப்பிட்டுச்சு. பன்னண்டு மணிக்கெல்லாம் காஜாங் வீட்டுக்கு வந்துருவீங்களான்னு கேக்குது."

அவள் ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். "அஞ்சு மணிக்குத்தான வளையல் அடுக்குறது?"

"ஆமா. சோறு கிளறணும்ல. ஏழு வகை. நீ வந்து செஞ்சு குடுப்பேன்னு போன வாரமே சொல்லிட்டேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"தனத்துகிட்ட."

"என்கிட்ட எப்ப சொன்னீங்க?"

நாகையா கொஞ்சம் யோசித்தார். "இப்பத்தான் சொல்றேன்ல," என்றார்.

ஐம்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி புருசன்மேல் கோபப்பட வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், இடம் வேண்டும். இரண்டும் அங்கே இல்லை. மஞ்சள் சட்டை போட்ட அதிகாரி அவள் எண்ணைக் கூப்பிட்டார். புஷ்பவல்லி சைக்கிளை மேடையில் ஏற்றி உட்கார்ந்தாள். ஒரு பையன் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி ஐந்து விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினார். கடைசி விரல் மடங்கும்போது அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ஏழு வகையாமே, ஏழு வகை!

டைம் ட்ரயல் என்பது கூட்டமாக ஓட்டுகிற பந்தயம் இல்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பி விடுவார்கள். முன்னால் ஆள் இல்லை, மறைந்துகொள்ள முதுகு இல்லை. நீயும் காற்றும் கடிகாரமும்தான். இந்தப் பந்தயம் இரண்டு நாள். சனிக்கிழமை புலாவ் இண்டா தீவில் சமதரையில் இருபது கிலோமீட்டர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உலு லங்காட்டில் மலையேற்றம், ஒன்பது கிலோமீட்டர். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் யாருக்கோ அவர் முதல். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் மொத்தம் பதினோரு பேர். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் புஷ்பவல்லி இரண்டாவது. இரண்டு தடவையும் முதலாவதாக வந்தது ஷா ஆலாமைச் சேர்ந்த மலாய் டீச்சர் ரொஹானா, மலாயில் 'சிக்கு' ரொஹானா.

புலாவ் இண்டா புஷ்பவல்லிக்குப் பழக்கப்பட்ட காற்று. இருபத்திரண்டு வருசமாகக் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கொள்கலன் கிடங்கின் வாசல் சாவடியில் அவளுக்கு வேலை. உள்ளே வரும் லோரி, வெளியே போகும் லோரி, எல்லாவற்றின் எண்ணையும் பூட்டு முத்திரையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருசத்துக்கு முன்னால் அந்தச் சாலையில் லோரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கத் தொடங்கின. பண்டமாரான் வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போக அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எரிச்சலில் ஒருநாள் மகனுடைய பழைய சைக்கிளை எடுத்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் போய்விட்டாள். அன்றைக்குச் சாவடியில் உட்கார்ந்தவளுக்கு, வேர்த்துக் கொட்டினாலும், இந்த ஊரையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு சந்தோசம். அப்படி ஆரம்பித்ததுதான்.

முதல் பத்து கிலோமீட்டர் கடற்காற்று முகத்தில் அடித்தது. சேற்று நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்த காற்று. அவள் முழங்கைகளை ஹேண்டில் கம்பியின் மேல் ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொண்டாள். வேலி ஓரத்தில் பச்சை, சிவப்பு, துருப்பிடித்த நீலம் என்று கொள்கலன்கள் ஓடின. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய். மூச்சை உள்ளே இழுத்தாள். தக்காளி, எள்ளு, தயிர். மூச்சை விட்டாள். சர்க்கரைப் பொங்கல். பெடலை ஓங்கி மிதித்தாள். திரும்பும் இடம் வந்தபோது முன்னால் போன இரண்டு பேரை அவள் தாண்டிவிட்டிருந்தாள். அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

முப்பத்தாறு நிமிடம் எட்டு வினாடி. சிக்கு ரொஹானா முப்பத்தாறு நிமிடம் இருபத்திரண்டு.

"பதினாலு செகண்டு!" நாகையா துண்டைத் தூக்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி ஓடிவந்தார். "பதினாலு செகண்டு முன்னுக்கு இருக்கே புஷ்பா! நான் சொன்னேன்ல, திரும்பி வரும்போது காத்து முதுகுல அடிக்கும், பெரிய கியர் போடுன்னு!"

சொன்னார்தான். அதை இல்லையென்று சொல்ல முடியாது. டயருக்கு எவ்வளவு காற்று, எந்த நேரத்தில் எந்தப் பக்கக் காற்று, பந்தயத்துக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் பசியாற வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பது வருசம் டிரெய்லர் லோரி ஓட்டியவர். நான்கு வருசத்துக்கு முன்னால் முதுகெலும்பில் வட்டு நழுவி, வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். அவளுடைய ஜெர்சியைக் கையால் துவைத்து நிழலில் காயப்போடுவதும் அவர்தான்.

சிக்கு ரொஹானா வந்து கை குலுக்கினார். வெள்ளைத் தலைத்துணியின் மேல் ஹெல்மெட் போட்டுச் சின்ன உருவமாக இருப்பார். மலையேற்றத்தில் ஆடு மாதிரி போவார். "நாளைக்கு உங்களை விடமாட்டேன்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். "நான் இப்ப வீட்டுக்குப் போயி காலைச் சுவத்துல தூக்கி வச்சுப் படுத்துருவேன். நீங்க?"

"நான் ஏழு வகைச் சோறு கிளறப் போறேன்," என்றாள் புஷ்பவல்லி.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து ரொஹானா விழுந்து விழுந்து சிரித்தார்.

காஜாங் வீட்டில் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு மூன்று அடுப்பு வைத்திருந்தார்கள். நாகையாவின் தங்கை தனலெட்சுமி நல்ல மனுசி. பேச்சுதான் நிற்காது. அவள் மகள் அர்ச்சனாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் முதல் வளையலை அடுக்க வேண்டியவள் புஷ்பவல்லி. அதற்கு வரமாட்டேன் என்று அவள் என்றைக்கும் சொல்லவில்லை. அர்ச்சனா அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் சமையலுக்கு ஆள் பிடிக்காமல் விட்டது யார்?

"அண்ணி கை பட்டாத்தான் புளியோதரை புளியோதரையா இருக்கும்," என்றாள் தனலெட்சுமி. "அண்ணேகிட்ட கேட்டேன், அது ஒடனே சரின்னுடுச்சு."

"அது எல்லாத்துக்கும் ஒடனே சரின்னுடும்," என்றாள் புஷ்பவல்லி.

நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. கடலைப்பருப்பு சிவக்கும்வரை நின்று கிண்ட வேண்டும், உட்கார்ந்து கிண்டுகிற உயரத்தில் அடுப்பு இல்லை. தகரத்தின் மேல் இரண்டு மணி வெயில் இறங்கியது. அவள் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். தொடைச் சதை உள்ளுக்குள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. பந்தயம் முடிந்தால் காலை நீட்டி உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும். அவள் குடித்தது ஒரு மங்கு தேத்தண்ணி. நின்றபடியே.

தனலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து முந்திரியை உடைத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பாவம் அண்ணி நீங்க. காலைல வேலைக்கும் போயிட்டு இங்கயும் வந்து நிக்கிறீங்க."

"வேலைக்கா?"

"ஓவர்டைம் இருந்துச்சுல்ல? அண்ணே சொன்னுச்சு. நாளைக்கும் ஓ.டி.யாமே. என்னா கம்பெனி அண்ணி அது? மூணு வருசமா சனி ஞாயிறுன்னா ஓ.டி.க்குக் கூப்புடுறானுங்க. வயசான பொம்பளைன்னு ஒரு ஈவு எரக்கம் வேணாம்? கையப் பாருங்க, எப்படிக் கறுத்துப் போச்சு."

புஷ்பவல்லி தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் வெயிலில் கறுத்திருந்தது. கையுறை மறைத்த இடம் மட்டும் வேறு யாருடைய கையோ மாதிரி வெளுத்திருந்தது. கரண்டி சட்டியில் நின்றுவிட்டது.

மூன்று வருசம். எத்தனை சனி, எத்தனை ஞாயிறு. சைக்கிளைக் காடியின் பின்சீட்டில் ஏற்றுவதும் அவர், இறக்குவதும் அவர், துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதும் அவர். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் போனில், அண்ணி ஓ.டி.க்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதும் அவரே.

"அண்ணி, அடி புடிக்குது," என்றாள் தனலெட்சுமி.

ஐந்து மணிக்குக் கூடத்தில் அர்ச்சனாவை நாற்காலியில் உட்கார வைத்துச் சந்தனம் பூசினார்கள். புஷ்பவல்லி கையுறைத் தடம் வெளுத்துத் தெரிகிற அந்தக் கையால் முதல் வளையலை அடுக்கினாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். பிறகு சாப்பாடு. எல்லாரும் புளியோதரையைப் பற்றியே பேசினார்கள். தனலெட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, "எங்க அண்ணிய மாதிரி யாருக்கு வரும்? காலைல ஓ.டி. முடிச்சிட்டு நேரா வந்து நாலு மணி நேரம் நின்னு சமைச்சிருக்காங்க," என்றாள்.

"ஓ.டி. இல்ல தனம்," என்றாள் புஷ்பவல்லி.

இலையில் கை வைத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"சைக்கிள் ரேஸ். புலாவ் இண்டாவுல. மூணு வருசமா ஓட்டுறேன். இன்னிக்கு மொதலாவதா வந்தேன். நாளைக்கும் இருக்கு. உங்க அண்ணே சொல்லல போல."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, பிறகு இருமலாக மாற்றினாள். "சைக்கிளா? அந்த இறுக்கமா போட்டுக்கிட்டு ஓட்டுறாங்களே, அதுவா?" என்று இன்னொருத்தி கேட்டாள். "அதேதான்," என்றாள் புஷ்பவல்லி. அர்ச்சனா மட்டும் கை நிறைய வளையலோடு முன்னால் சாய்ந்து, "அத்தை, நெசமாவா? எத்தன கிலோமீட்டர்?" என்றாள்.

தனலெட்சுமி அண்ணனைத் தேடினாள். "ண்ணே, என்கிட்ட எதுக்கு ண்ணே பொய் சொன்னே?"

நாகையா ஐஸ் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனார். வீட்டில் இரண்டு பெட்டி நிறைய ஐஸ் இருந்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகளாக நின்றது காடி வரிசை. புஷ்பவல்லி முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, காலைத் தூக்கி டாஷ்போர்டின் மேல் வைத்தாள். பாதம் வீங்கி, கொலுசு போட்ட இடம் தடமாகப் பதிந்திருந்தது.

"எதுக்கு?" என்றாள்.

நாகையா வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. எனக்கு இப்ப சண்ட போடக்கூட தெம்பு இல்ல. ஒழுங்கா பதில் சொல்லுங்க."

"சொல்றது ஈசியா இருந்துச்சு லா."

"என்னா ஈசி?"

"தனம் போன் பண்ணும். அண்ணி எங்கன்னு கேக்கும். வேலைக்குப் போயிருக்குன்னா அதோட முடிஞ்சிரும். சைக்கிள் ஓட்டப் போயிருக்கு, நான் தண்ணி போத்தலத் தூக்கிட்டு ரோட்டோரமா நிக்கிறேன்னு சொன்னா…"

"சொன்னா?"

"சிரிப்பாங்க."

"யாரப் பாத்து? என்னப் பாத்தா?"

முன்னால் லோரி ஒன்று அரை அடி நகர்ந்தது. நாகையாவும் அரை அடி நகர்ந்தார். "உன்ன ஏன் சிரிக்கப் போறாங்க," என்றார். "முப்பது வருசம் சிங்கப்பூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் டிரெய்லர் ஓட்டுனவன் நானு. இப்ப பொண்டாட்டி சட்டைய தொவைக்கிறேன்."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்படப் பாவப்பட எரிச்சலும் கூடவே ஏறியது. இந்த மனுசன் இதை மூன்று வருசத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் அவளே துவைத்துக்கொண்டிருப்பாள். இப்போது கோபப்படுவதா, தேற்றுவதா? இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வைக்கிறாரே!

"நாளைக்கு நீங்க வர வேணாம்," என்றாள். "நான் வாடகைக் காடி புடிச்சுப் போயிக்கிறேன்."

"சைக்கிள எதுல ஏத்துவ?"

வாடகைக் காடியில் சைக்கிள் ஏறாது. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை உலு லங்காட்டில் மழை விட்டிருந்தது. சாலை கறுப்பாக நனைந்து, மூங்கில் இலையும் டுரியான் தோலும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. மலை முகட்டில் பனி இறங்கியிருந்தது. நாகையா சைக்கிளை இறக்கினார், டயரை அமுக்கிப் பார்த்தார், "ரோடு ஈரம், காத்து கொஞ்சம் கொறச்சிருக்கேன்," என்று சைக்கிளிடம் சொன்னார். பிறகு சாலையை மூடுவதற்கு முன்னால் காடியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். முடிவுக் கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கீழே நின்று நேரம் சொல்வது அவர் வழக்கம்.

இரண்டாம் நாள் முன்னணியில் இருப்பவர் கடைசியாகப் புறப்பட வேண்டும். புஷ்பவல்லிக்கு ஒரு நிமிடம் முன்னால் ரொஹானா கிளம்பினார். ஆக, அவருக்குப் பின்னால் எழுபத்து நான்கு வினாடிக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் வெற்றி புஷ்பவல்லிக்கு. எழுபத்தைந்து என்றால் இல்லை.

முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது, கால் அவளுடையதாக இல்லை. யாரோ ஈரச் சாக்கைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மிதித்தால் ஒரு கணம் கழித்துத்தான் கேட்டது. அவள் கியரைக் குறைத்தாள். குறைத்து, வேகமாகச் சுற்றினாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. கால்தான். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. காட்டுக்குள் ஏதோ ஒரு பறவை விடாமல் கத்தியது, அதுகூட எரிச்சல் மூட்டியது. நான்காவது கிலோமீட்டரில் சாக்கு கொஞ்சம் இளகியது. ஐந்தாவதில் உடம்பு சூடேறி, அவள் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு நீண்ட ஏற்றத்தின் முடிவில் பச்சைச் சட்டை ஒன்று தெரிந்து மறைந்தது. ரொஹானா.

ஆறாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் நாகையா நின்றார். ஒரு கையில் கடிகாரம், மறு கை இடுப்பில். லோரிக்காரர்கள் சாலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: "எழுவத்தொண்ணு! எழுவத்தொண்ணு புஷ்பா! மூணு செகண்டு உன்கிட்ட இருக்கு! உக்காந்து ஓட்டு, எந்திரிக்காத!"

மூன்று வினாடி. இன்னும் மூன்று கிலோமீட்டர். அவள் உட்கார்ந்தே ஓட்டினாள். ஏழாவது கிலோமீட்டர் அப்படியே போனது. எட்டாவதில் சாலை செங்குத்தாகத் தூக்கியது. பச்சைச் சட்டை மறுபடி தெரிந்தது, முன்னைவிடச் சின்னதாக. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கியர் கூட்டி எழுந்து நின்றாள்.

பத்து மிதி. பதினோராவது மிதியில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. சைக்கிள் ஒருபக்கமாக ஆடியது. அவள் உட்கார்ந்து, இடது காலால் மட்டும் மிதித்து, வலது காலை வெறுமனே சுற்றவிட்டாள். வாய்விட்டு ஏதோ திட்டினாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கெண்டை இளகியபோது கோடு தெரிந்தது. மிச்சமிருந்ததையெல்லாம் போட்டாள்.

ரொஹானா முப்பத்தொரு நிமிடம் நாற்பது வினாடி. புஷ்பவல்லி முப்பத்திரண்டு நிமிடம்.

கூட்டிப் பார்த்தால் ஆறு வினாடி பின்னால்.

அவள் சாலையோரப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டாள். ஈரம் முதுகில் ஏறியது. ரொஹானா வந்து குனிந்து, அவள் வலது காலைத் தூக்கிப் பாதத்தை மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டார். "நேத்து நெசமாவே சமைச்சீங்களா?" என்றார். புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். ரொஹானா சிரிக்கவில்லை.

சாலையைத் திறந்து விட்டதும் நாகையா காடியில் ஏறி வந்தார். இறங்கியவர் அவள் பக்கத்தில் வந்து, முதுகு வளையாததால் நின்றபடியே, "என்னாலதான் புஷ்பா," என்றார். கண் கலங்கியிருந்தது. "நாலு மணி நேரம் உன்ன அடுப்புல நிக்க வச்சேன். இல்லாட்டி ஜெயிச்சிருப்பே. என்னாலதான் தோத்தே."

புஷ்பவல்லி எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது வந்த கோபத்துக்கு முந்தின நாள் முழுக்க வந்த கோபமெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது.

"இங்க பாருங்க. நான் ஜெயிச்சிருந்தா, என்னாலதான் ஜெயிச்சான்னு சொல்வீங்களா?"

"ச்சே, அப்படி எப்படிச் சொல்வேன்."

"அப்ப தோத்ததுக்கு மட்டும் எதுக்கு வர்றீங்க? எந்திரிக்காதன்னு நீங்க சொன்னீங்க. நான் எந்திரிச்சேன். கியர் மாத்தினது நானு. கால் என்னோடது, ஆறு செகண்டும் என்னோடது. இதுலயும் வந்து கைய வைக்காதீங்க."

நாகையா கையிலிருந்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டார்.

"நீங்க சொன்ன பொய் இருக்கு பாருங்க, அது உங்களோடது," என்றாள் அவள். "அத நீங்க பாத்துக்குங்க."

பரிசு கொடுக்கும்போது அவள் இரண்டாம் படியில் நின்றாள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. கைதட்டலுக்கு நடுவில் நாகையாவின் குரல் கேட்டது. கூடாரத்துக்கு ஓரமாக நின்று கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குடும்பக் குழுவுக்குக் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். "…நான் நாகையா பேசுறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. ஓ.டி.ன்னு நான் சொன்னது பொய். ஒங்க அண்ணி ரேஸ் ஓட்டுது. நேத்து பதினாலு செகண்டு முன்னுக்கு இருந்துச்சு. காத்து தென்மேக்கு. டயர்ல காத்து தொண்ணூறு…" அவர் நிறுத்துவதாக இல்லை. பந்தய ஏற்பாட்டாளர்களும், பதக்கம் போட்ட பிரமுகரும், நாசி லெமாக் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் குரலை இன்னும் உயர்த்தினார். இவ்வளவு விவரமாவா சொல்லச் சொன்னேன்? என்று புஷ்பவல்லி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஏறு, போலாம்," என்று அவர் காடிக் கதவைத் திறந்தபோது அவள் ஹெல்மெட்டை மாட்டினாள்.

"நான் ஓட்டியே இறங்குறேன். நீங்க கீழ போயி நில்லுங்க."

"கால் புடிச்சுக்கிச்சுல்ல?"

"எறக்கத்துக்குக் கால் எதுக்கு?"

முதல் வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நாகையாவின் வெள்ளைக் காடி, நான்கு விளக்கும் மின்ன, அவள் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வேன், இரண்டு காடி, வாழைத்தார் ஏற்றிய லோரி ஒன்று. முந்த இடமில்லாத சாலை. ஹோர்ன் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது.

அவள் பிரேக்கைப் பிடித்து ஓரமாக நின்றாள். அவரும் நின்றார். பின்னால் எல்லாரும் நின்றார்கள். சன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "கீழ போயி நில்லுங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"ரோடு ஈரமா இருக்கு. நீ போ, நான் வரேன்."

"பின்னாடி ஹோர்ன் அடிக்கிறாங்க, கேக்குதா இல்லியா? எத்தன பேரு நிக்கிறாங்க பாருங்க."

நாகையா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார். "அடிக்கட்டும் லா," என்றார்.

இந்த மனுசனை என்னதான் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. லோரிக்காரன் தலையை வெளியே நீட்டி மலாயில் ஏதோ கத்தினான். நாகையா கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினார். புஷ்பவல்லி ஏறி உட்கார்ந்தாள். கீழே எட்டு கிலோமீட்டர் இறக்கம். அவள் வேகமாகவும் போகவில்லை, வேண்டுமென்று மெதுவாகவும் போகவில்லை. தனக்குச் சௌகரியமான வேகத்தில், நடு வழியில், ஒரு ஊர்வலத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கினாள்.